முகம் ஒன்று, பொருள் பல

பையில் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். காந்தியடிகள் சிரித்துக்கொண்டிருக்கிறார். யாரைப் பார்த்து? நோட்டில் விடை கிடையாது. 1946-இல் பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸ் பிரபுவின் பக்கத்தில் அவர் நின்றபோது எடுத்த படம் அது. 1996-இல் புதிய நோட்டு வரிசை வந்தபோது பிரபுவை வெட்டிவிட்டு, காந்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரசியல் பேச்சுகளுக்கு நடுவே மலர்ந்த அந்தச் சிரிப்பு, இன்று தேசத் தந்தை நமக்கெல்லாம் வழங்கும் ஆசியாகத் தெரிகிறது. முகம் அதேதான், பக்கத்தில் இருந்தது போச்சு.

இந்த வித்தையை ரஷ்யாவில் சினிமாக்காரர் குலெஷோவ் சோதித்தே பார்த்தார். மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதையடுத்து ஒரு முறை சூப் தட்டையும், ஒரு முறை சவப்பெட்டியையும், ஒரு முறை விளையாடும் சிறுமியையும் ஒட்டினார். ஆழ்ந்த யோசனை, துக்கம், பூரிப்பு என்று என்னமாய் நடிக்கிறார் என ஜனங்கள் வியந்ததாகக் கூட இருந்த புதோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். மனுஷன் ஒன்றுமே செய்யவில்லை!

நம் வீட்டு சங்கதிக்கு வருவோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றுதான். ரேஷன் கார்டில் இருந்தால் அடையாளம். பத்திரிகையில் கறுப்புக் கட்டத்துக்குள், கீழே 'தோற்றம், மறைவு' என்று இரண்டு தேதிகளோடு வந்தால், படிக்கும் முன்பே கை நெஞ்சுக்குப் போகிறது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போட்டால் பாட்டி சண்டைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு எந்தப் பேராசிரியரும் சூழல், பொருள் என்றெல்லாம் பாடம் எடுக்கவில்லை.

அதே போட்டோ கைதுச் செய்திக்குப் பக்கத்தில் வரட்டும். "முழியைப் பார்த்தாலே தெரியுதே" என்போம். தெரிவது முழி அல்ல, தலைப்பு. பின்னால் நீதிமன்றம் அவரை விடுவித்தால் அந்தச் செய்தி பெரும்பாலும் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், படம் இல்லாமல்.

வெட்டினால் பொருள் மாறும் என்பது வெறும் ரசனை விஷயமாக நிற்பதில்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ நினைவிருக்கும். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம் அது. பைக்கில் தூக்கிச் சென்ற பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கைப் பலகை காட்டுவதோடு முடியும். அந்த முடிவை யாரோ நறுக்கிவிட்டார்கள். மிச்சத்தைப் பார்த்தவர்களுக்குத் தெருவில் போகிற புது முகமெல்லாம் சந்தேக முகமானது. அந்த ஆண்டு மே மாதம் பெங்களூரில், இப்படிப் பரவிய புரளியை நம்பிய கூட்டம் ஓர் இளைஞரை அடித்தே கொன்றது. அவர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர். நம்மைப் போல வெளி மாநிலத்துக்காரர்.