பின்போல் பொறிகளும் பதிப்புரிமையும்

சாய்ந்த பலகையொன்றின்மீது உருண்டுவரும் உருக்குக் குண்டினைக் கீழே வீழாவண்ணம் சிறு துடுப்புக்களால் தட்டி மேலேற்றிப் புள்ளி ஈட்டுவதே பின்போல் என்னும் ஆட்டம். மின்விசைத் துடுப்புக்களோடு வந்த முதற் பொறியாகிய ‘ஹம்ப்டி டம்ப்டி’யைச் சிக்காகோ நகரத்துக் கொட்லீப் நிறுவனம் 1947 இல் வெளியிட்டது. பழம் பொறிகள் தேய்ந்தொழிய, அவற்றைக் கணினித் திரையில் மீள ஆக்குவோர் இன்று பலர். அங்ஙனம் ஆக்குங்கால் எவரெவர் அனுமதி வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆட்டத்தின் விதி எவர்க்கும் உரியதன்று. கணக்குப்பதிவு முறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, அம்முறைக்கு இல்லை என 1880 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1976 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே வகுத்துரைக்கின்றது. ஆதலின், இக்குறியை மூன்றுமுறை தாக்கினால் இத்தனை புள்ளி என்பதை எவரும் எடுத்தாளலாம். சரிவுப் பாதைகளும் மோதுதறிகளும் தொழில்செய்யும் உறுப்புக்கள். அவற்றினின்று பிரித்தெண்ணத்தக்க ஓவியமும் சிற்பமுமே பாதுகாப்புப் பெறுவன. பழைய ஆக்கவுரிமைப் பட்டயங்களோ காலங்கடந்தன.

சிக்கல் எழுவது எஞ்சியவற்றில். பின்கண்ணாடி ஓவியம், இசை, குரல், இயக்க நிரல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உடைமை. பழைய பொறிகள் மின்னிணைப்பிகளால் இயங்கியவை. அவற்றில் நிரல் இல்லை. 1970 களின் பிற்பகுதியில் நிரலைத் தாங்கிய நுண்சில்லுகள் புகுந்தன. சில்லிலுள்ள நிரல் பொறியின் உறுப்பேயன்றி நூல்போல்வதன்று என்றொரு வாதம் ‘டிஃபென்டர்’ என்னும் திரை விளையாட்டைப் பற்றிய வழக்கில் எழுந்தபோது, 1982 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்து, உரிமையாளரான வில்லியம்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எனவே, பொறி ஆடுவதைக் கண்டு புதிதாக நிரல் எழுதுவது வேறு. சில்லிலுள்ளதை அவ்வாறே படியெடுப்பது வேறு.

1992 இல் வெளிவந்து இருபதினாயிரத்துக்கு மேல் விற்பனையான ‘அடம்ஸ் ஃபமிலி’ பொறியை நோக்குக. அது முந்திய ஆண்டுத் திரைப்படத்தைத் தழுவியது. நடிகர் ராவுல் ஜூலியாவும் அஞ்செலிக்கா ஹியூஸ்டனும் பொறிக்கெனவே குரல் கொடுத்தனர். நிரலுடையார், படமுடையார், பாத்திரங்களுக்கு உரியார், முகமுங் குரலும் ஈந்தார் என உரிமை கிளைத்துச் செல்கின்றது. 1993 ஆம் ஆண்டின் ‘ருவைலைற் சோன்’ பொறியிலே கோல்டன் இயரிங் குழுவின் பாடலும் சேர்ந்துகொண்டது. அதனை மீளாக்க வேண்டிய அனுமதிகளுக்காக ஃபார்சைற் நிறுவனம் 2012 இல் ஆட்டப் பிரியரிடம் பணந்திரட்டியது. இத்துணை முயன்றும் பெற்றது தவணை அனுமதியே. 2018 ஜூன் 30 உடன் வில்லியம்ஸ், பலி பொறிகளுக்கான அதன் அனுமதி முடிந்தது. முன்னர் வாங்கியோர் ஆடலாம். புதிதாய் வாங்க வழியில்லை. அவ்வாண்டிலேயே உரிமை சென் நிறுவனத்தின் கைக்கு மாற, அது தன் ஆக்கங்களைத் தொடங்கியது.

வில்லியம்ஸ் தன் பின்போல் தொழிலை 1999 இல் மூடிவிட்டது. மூடிய தொழிற்சாலையின் பொருள் பொதுச்சொத்து என ஆர்வலர் சிலர் எண்ணுவர், அது வழு. தொழில் நின்றாலும் உரிமை கைமாறி வாழும். நிறுவனத்துக்காக ஆக்கப்பட்ட 1992 ஆம் ஆண்டு நிரலுக்கு, வெளியீட்டிலிருந்து 95 ஆண்டாக, 2087 முடிவு வரை பாதுகாப்புண்டு. அத்துணைக் காலம் இரப்பர் வளையமும் கம்பிச் சுருளும் தாங்குமென நான் நம்பவில்லை. நீண்ட இத்தவணை கலைஞனைவிடக் கிடங்குக்காரனுக்கே பயன்படுகின்றதோ என்னும் ஐயமும் எனக்குண்டு.

முற்பட்ட பொறிகளுக்குச் சிறிது இளக்கமுண்டு. 1964 க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆக்கத்தின் உரிமையை 28 ஆம் ஆண்டிற் புதுப்பியாதார் அதனை இழந்தனர். 1978 க்கு முன் உரிமைக் குறிப்பின்றி வெளியிட்டவரும் பெரும்பாலும் அங்ஙனமே. ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்பது பழஞ் சிறுவர் பாட்டின் பெயராதலின் அது எவர்க்கும் பொது. ஆயின் அப்பெயர்கொண்ட 1947 ஆம் ஆண்டுப் பொறியின் ஓவியம், குறிப்பும் புதுப்பித்தலும் பெற்றிருப்பின், 2042 முடிவு வரை தனியுடைமை. ஆகவே ஐம்பதுகளின் பொறியொன்றை மீளாக்கப் புகுவோன், தூரிகையைத் தொடுமுன், கண்ணாடியின் மூலையிலுள்ள சிறு குறிப்பையும் பதிப்புரிமை அலுவலகத்தின் புதுப்பித்தற் பட்டியல்களையும் பார்த்தல் வேண்டும். அப்பட்டியல்கள் எவரும் பார்க்கத்தக்கனவாய் உள்ளன.