சாக்லேட்டில் புழு: பழி கடைக்காரருக்கா?

வாடிக்கையாளர் ஒரு சரக்கைத் திருப்பிக் கொண்டு வந்து மேசையில் போட்டால், கம்பெனி ஆள் முதலில் சொல்வது, "கடையில் வைத்த முறை சரியில்லை" என்பதுதான். நமது உறுப்பினர்களில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதே பதிலைச் சொன்ன ஒரு பெரிய கம்பெனி, பிறகு தன் உறையையே மாற்ற நேர்ந்தது.

2003 அக்டோபர், தீபாவளி நெருங்கும் சமயம். மகாராஷ்டிராவில் கேட்பரி டெய்ரி மில்க் சிலவற்றில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. மாநில உணவு, மருந்து நிர்வாகத் துறை நடவடிக்கையில் இறங்கியது. ஆலையில் குறையில்லை, கடைகளில் வைத்த முறைதான் காரணம் என்றது கம்பெனி. அப்படியானால் பூச்சி புகாதபடி ஏன் கட்டவில்லை என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அப்போதைய உறையில் அலுமினியத் தாள் மடித்துத்தான் இருக்கும், ஒட்டியிருக்காது. மடிப்பு என்றால் சந்து உண்டு. ரவை, கடலை, முந்திரி இருக்கும் கடையில் அந்துப்பூச்சி அறவே இல்லாமல் இராது. அதன் இளம்புழு நூலிழை அளவுதான். அந்தச் சந்து அதற்குப் போதும். நமது ஊர் பீங்கான் பட்டறைக்காரர் விரிசல் விட்ட சாமானைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்து விடுவார். கட்டி வந்த சாக்லேட்டை நாம் எதைத் தட்டிப் பார்ப்பது?

நல்ல சீசனில் விற்பனை விழுந்தது. கம்பெனி "விஸ்வாஸ்" என்ற பெயரில் கடைகளுக்கு ஆள் அனுப்பி, சரக்கை வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தது. 2004 ஜனவரியில் புது உறை வந்தது. சூடுவைத்து ஒட்டிய அலுமினியத் தாள், அதன் மேல் இன்னொரு மூடிய உறை. செலவு கூடியும் விலையை ஏற்றவில்லை. அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்தார், விற்பனையும் மீண்டது. விளம்பரத்தால் மீண்டது என்பார் உண்டு. ஒட்டிய உறை கையில் இல்லாமல் அமிதாப் எதைக் காட்டியிருப்பார்?

அதற்காக நம் பக்கம் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நமது பக்கத்துக் கத்திரி வெயில் அதைத் தாண்டி எங்கேயோ போகிறது. உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டில் வெள்ளை படரும். வாடிக்கையாளர் பூஞ்சை என்பார்; பெரும்பாலும் அது மேலே வந்து படிந்த கொழுப்புதான். ஆனாலும் அதை விற்று வாக்குவாதம் வளர்ப்பதில் லாபமில்லை.

சட்டத்தையும் பார்த்து விடுவோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, விற்பனையாளர் ஆகியோரின் பொறுப்பைத் தனித்தனியே சொல்கிறது. காலாவதியான சரக்கை விற்றால், சுகாதாரமில்லாமல் வைத்திருந்தால், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாவிட்டால் விற்பவர்தான் பொறுப்பு. இந்த மூன்றாவதில்தான் நம்மவர் பலர் மாட்டுகிறார்கள். பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைவாக வாங்கிய பெட்டியில் புழு இருந்தால், பழியைச் சுமக்க வேறு ஆள் கிடைக்காது.

எனவே புகார் வந்த பொட்டலத்தைக் குப்பையில் போட வேண்டாம். தனியே ஒரு டப்பாவில் வைத்து, பேட்ச் எண், தயாரித்த தேதி, வாங்கிய பில் எண் மூன்றையும் குறித்து விநியோகஸ்தரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக் கொள்ளவும்.