ஒரு செர்வர், முப்பது திரை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பணம் கட்டியோ, அவர்கள் சொல்லும் நிபந்தனைக்குத் தலையாட்டியோ கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் இருக்க வேண்டும், பிராசசர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் பக்கத்து அறையில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளைப் போட்டு, ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களின் கம்ப்யூட்டர்களில் பல இந்தப் பரீட்சையில் தேறாது. கல்லூரி லேப்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம். அல்லது ஒரே ஒரு நல்ல செர்வரை வாங்கி, பழைய பெட்டிகளை அதன் திரைகளாக மாற்றலாம். இரண்டாவது வழிக்குப் பெயர் தின் கிளையன்ட். லினக்ஸில் இதைச் செய்ய லைசென்ஸ் செலவு கிடையாது.

இது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜிம் மெக்வில்லன் என்பவர் மருத்துவச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காகச் செய்த வேலையிலிருந்து 1999-இல் பிறந்தது ‘லினக்ஸ் டெர்மினல் செர்வர் ப்ராஜெக்ட்’, சுருக்கமாக எல்டிஎஸ்பி. ஹார்டு டிஸ்க்கே இல்லாத பெட்டிகளை நெட்வொர்க் வழியாகக் கிளப்பிவிடும் மென்பொருள். நம் பக்கத்திலும் இதற்கு முன்கதை உண்டு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டா ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய சென்னை நிறுவனமான நோவேடியம், 2000-களின் நடுவிலேயே வீட்டுக்கு ஒரு மலிவான திரையும் நெட்வொர்க்கின் மறுமுனையில் ஒரு செர்வரும் என்று ‘நெட்பிசி’யைக் கொண்டுவந்தது. வீடுகளில் அது நிலைக்கவில்லை. லேப்டாப் விலை இறங்கியதும், கையிலிருந்த போனே கம்ப்யூட்டராக ஆனதும் அதன் கதையை முடித்தன என்பது என் கணிப்பு. ஆனால் லேப் வீடு இல்லை. ஒரே அறை, ஒரே பாடம், ஒரே மென்பொருள், ஒரே சமயத்தில் முப்பது பேர். இந்த ஏற்பாட்டுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்த ஹைடெக் லேப்களும் ஒரு செர்வர், அதோடு சேர்ந்த தின் கிளையன்ட்கள் என்ற அமைப்பில் வந்தவைதான்.

லினக்ஸும் விழுப்புரம் மாவட்டத்துக்கு அந்நியம் அல்ல. தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தபோது 2007 வாக்கில் அரசு கம்ப்யூட்டர்கள் பல சூசே லினக்ஸுக்கு மாறின. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. (அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு சங்கதி.) இப்போதைய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் உபுண்டு இருக்கிறது. விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, ஊர்க்காரர்கள் சொல்கிற பெயரில் ‘விஜிலக்’, ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்கு இலவசமாகவே சொல்லித்தருகிறது. ஆள் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

சரி, பெட்டியை ஆன் செய்ததும் என்ன நடக்கிறது? நெட்வொர்க் கார்டு கேபிளில் ஒரு கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்புகிறது: எனக்கு ஐபி முகவரி யார் தருவீர்கள், நான் எந்தக் கோப்பிலிருந்து கிளம்ப வேண்டும்? செர்வரில் ஓடும் டிஹெச்சிபி பதில் சொல்கிறது. பெட்டி டிஎஃப்டிபி வழியாக ஒரு சின்ன பூட் கோப்பை இழுத்துக்கொள்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். அடுத்து கெர்னல் வரும், பிறகு முழு உபுண்டுவோ டெபியனோ ஒரே இமேஜாக, கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் வழியாக வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் லாகின் திரை. இந்தத் தொடரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது யார் என்று அது எங்கேயும் விசாரிக்கவில்லை. பின்னால் வரப்போகும் வில்லங்கம் பாதி இங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அமைப்பதில் இரண்டு வழி. பழைய வழியில் எல்லா மென்பொருளும் செர்வரிலேயே ஓடும், பெட்டி வெறும் திரை. எல்டிஎஸ்பி கையேடு அந்தக் காலத்தில் ஒரு கணக்குச் சொன்னது: செர்வருக்கு 256 எம்பி, ஆளுக்கு 192 எம்பி. இருபது பேருக்கு 4,096 எம்பி, சுத்தமாக 4 ஜிபி. இன்றைக்கு அந்தக் கணக்கை நம்பி லேப் போட்டால், இருபது பேரும் பிரவுசரைத் திறந்த மாத்திரத்தில் செர்வர் படுத்துவிடும். 2019-இல் கிரேக்க நாட்டின் ஆல்கிஸ் ஜார்ஜோபூலோஸ் எல்டிஎஸ்பியை முழுதாகத் திருத்தி எழுதியபோது, மென்பொருள் பெட்டியின் சொந்த பிராசசரிலும் ராமிலும் ஓடும்படி மாற்றிவிட்டார். டிஸ்க், லாகின், கோப்புகள் மட்டும் செர்வரிலிருந்து. கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பத்து வருடப் பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் புது வழிக்குப் போகலாம். செர்வரிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் கேபிளும் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு முப்பது பெட்டியும் ஒன்றாகக் கிளம்பும்போது நெரிசல் அந்த ஒரு கேபிளில்தான். புதிய பெட்டிகளில் செக்யூர் பூட்டை அணைக்காமல் நெட்வொர்க் பூட் அடம்பிடிப்பதும் உண்டு. மற்றதெல்லாம் ஒரு மதிய வேலை.

மின்சாரக் கணக்கும் சாதகம். 2012-இல் இந்த மாவட்டம் பட்ட மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. டிஸ்க் இல்லாத பெட்டி திடீரென்று அணைந்தால் கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. நல்ல யுபிஎஸ் செர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் போதும். பேட்டரி இறங்கினால் செர்வரைத் தானே ஒழுங்காக அணைக்க ‘நட்’ என்ற கருவியும் லினக்ஸில் உண்டு.

இவ்வளவு மிச்சம் பிடிப்பவர்கள் பாதுகாப்பில் கோட்டை விடுகிறார்கள். அதுவும் தப்பான திசையில் காவல் வைத்து. செர்வர் பாதுகாப்பு என்றதும் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து நுழையப் பார்க்கிறவன்தான் நினைவுக்கு வருகிறான். தின் கிளையன்ட் லேபில் முதல் ஆபத்து அறைக்குள்ளேயே, ஐடி கார்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் கெட்ட எண்ணம்கூட இருக்காது.

இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரோ வீட்டிலிருந்து பழைய பிராட்பேண்ட் ரவுட்டரை எடுத்துவந்து லேப் ஸ்விட்ச்சில் செருகுகிறார்கள் என்று வையுங்கள். அந்த ரவுட்டரிலும் ஒரு டிஹெச்சிபி இருக்கிறது. பெட்டிகள் கேள்வி கேட்கும், ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லும். அதற்குப் பூட் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. சில பெட்டிகள் கிளம்பும், சில கிளம்பாது, மறுபடி ஆன் செய்தால் வேறு பெட்டி முரண்டு பிடிக்கும். லேப் அசிஸ்டன்ட் நாள் முழுக்கக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார். தெரியாமல் செய்ததற்கே இந்தக் கதி. தெரிந்தே ஒருவர் லேப்டாப்பைச் செருகி, போலி பூட் கோப்பும் போலி லாகின் திரையும் கொடுத்தால் முப்பது பேரின் பாஸ்வேர்டும் கைக்கு வந்துவிடும். இதற்கு மருந்து மேனேஜ்டு ஸ்விட்ச்சில் உள்ள டிஹெச்சிபி ஸ்னூப்பிங்: செர்வர் இருக்கும் போர்ட்டிலிருந்து வரும் பதிலை மட்டும் அனுமதி, மற்ற போர்ட்டில் யார் பதில் சொன்னாலும் தூக்கிப் போடு. சாதா ஸ்விட்ச்சைவிட விலை கூடுதல்தான். மிச்சம் பிடித்த பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும். லேபுக்குத் தனி நெட்வொர்க், அலுவலகத்துக்கும் சிசிடிவிக்கும் வேறு. பயன்படுத்தாத சுவர் சாக்கெட்டை ஸ்விட்ச்சிலேயே அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது பென் டிரைவ். பயாஸில் பாஸ்வேர்டு போடாவிட்டால் பெட்டியை மாணவர் தன் பென் டிரைவிலிருந்து கிளப்பிவிடலாம். அப்போது அந்தப் பெட்டிக்கு முழு அதிகாரமும் உள்ள ரூட் அவர்தான். சாதாரணமாக அமைத்த என்எஃப்எஸ் எதிரே வருகிறவரைப் பெயர் கேட்பதில்லை, எண்ணைத்தான் கேட்கும். 1005 என்று சொன்னால் 1005-ஆம் பயனரின் கோப்புகளைத் திறந்து காட்டும். ரூட்டாக இருப்பவர் எந்த எண்ணையும் சொல்லலாம். இதனால்தான் புது எல்டிஎஸ்பி, பயனர் கோப்புகளைத் தானாக என்எஃப்எஸ்ஸில் தராமல் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் வழியாக, பாஸ்வேர்டு கேட்டுத் தருகிறது. அது கொஞ்சம் மெதுவு. சில மென்பொருள்கள் அதில் முரண்டும் பிடிக்கும். உடனே “என்எஃப்எஸ்ஸுக்கு மாத்திடுங்க சார், வேகமா இருக்கும்” என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். வேகம் வரும், பூட்டு போய்விடும். ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் சேர்த்து என்எஃப்எஸ் அமைக்கத் தெரிந்தவர் இருந்தால் ஒழிய அதில் கை வைக்கக் கூடாது என்பேன்.

இமேஜ் விஷயமும் அப்படித்தான். செர்வரின் சிஸ்டத்தையே நகலெடுத்து இமேஜாக்கும் வசதி எல்டிஎஸ்பியில் உண்டு, பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பயனர் கோப்புகளை அது விட்டுவிடும். ஆனால் சிஸ்டத்தில் எங்காவது மூலையில் வைஃபை பாஸ்வேர்டோ டேட்டாபேஸ் சாவியோ எழுதி வைத்திருந்தால் அது லேபில் உள்ள எல்லோரும் படிக்கும்படி போய்ச் சேரும். பெட்டி தானாக லாகின் ஆகட்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதும் பாஸ்வேர்டும் டிஎஃப்டிபி வழியாகப் போவதுதான். அது பார்க்கப் புரியாத எழுத்தாகத் தெரியும், ஆனால் பேஸ்64 என்பது பூட்டே இல்லை. ஒரு வரி கட்டளையில் திரும்ப வந்துவிடும்.

இனி, முறையாக லாகின் செய்து உள்ளே வந்த மாணவர். உபுண்டுவில் 21.04 பதிப்பு வரும்வரை ஒருவர் ஹோம் ஃபோல்டரை மற்றவர் திறந்து படிக்கலாம். முதல் பெஞ்சுப் பெண் எழுதிய பைத்தான் புரோகிராம் பிராக்டிகல் ரெக்கார்டில் முப்பது பேருக்கும் எழுத்து மாறாமல் வந்திருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். 21.04-க்குப் பிறகு உருவாக்கும் கணக்குகளில் அனுமதி 750, அதாவது மற்றவர் திறக்க முடியாது. பழைய கணக்குகளை அப்படியே கொண்டுவந்தவர்கள் கையால் மாற்ற வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம், எல்லோரும் ஒரே செர்வரில் வேலை செய்யும் பழைய வழியில் சாதாரணப் பயனர் ரூட்டாக மாறும் ஓட்டைகள். தனிக் கம்ப்யூட்டரில் அது ஒருவர் பிரச்சினை, இங்கே முப்பது பேர் கோப்பும் பறிபோகும். 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பிவன்கிட்’ ஓட்டை, பிகேஎக்செக் என்ற சின்ன நிரலில் 2009 முதல் சும்மா கிடந்தது. அதைச் சுரண்டும் நிரலும் அறிவிப்பு வந்த வேகத்திலேயே இணையத்தில் கிடைத்தது. செர்வரில் பாதுகாப்பு அப்டேட்டைத் தானியங்கியாக வைப்பதற்கு இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டாம். ஒரு வரியில் முடிவில்லாமல் பிராசஸ் பெருக்கும் விளையாட்டையும் யாராவது ஒரு மாணவர் செய்து பார்க்காமல் விடமாட்டார். ஆளுக்கு இத்தனை பிராசஸ், இவ்வளவு மெமரி என்று வரம்பு கட்டிவிட்டால் அவர் திரை மட்டும் நிற்கும்.

எல்லோருக்கும் ‘ஸ்டூடன்ட்’ என்று ஒரே லாகின் கொடுப்பதுதான் நம் லேப்களின் தீராத வியாதி. பிரவுசிங் சென்டரில் அது சட்டச் சிக்கலாகவும் ஆகும்: 2011-ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகள் அறைக்குள் போடும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றுகூட அளந்து சொல்கின்றன, பயன்படுத்தியவர் விவரத்தை ஒரு வருடம் வைத்திருக்கவும் சொல்கின்றன. பிரவுசிங் சென்டர் நடத்துகிறவருக்குச் செர்வரில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால் பாதிப் பதிவேடு தானாகவே எழுதப்பட்டுவிடும். ஒரே லாகின் என்றால் போலீஸ் வந்து கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக 22 (எஸ்எஸ்ஹெச்) அல்லது 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்டை ரவுட்டரில் திறந்து வைக்காதீர்கள். திறந்த சில மணி நேரத்துக்குள் பாஸ்வேர்டு ஊகிக்கும் நிரல்கள் வரிசைகட்டி வருவதை லாகிலேயே பார்க்கலாம். வயர்கார்டு விபிஎன் போட்டு, சாவி வைத்து மட்டும் நுழையுங்கள். இவ்வளவு செய்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலுக்குள் யாரோ ஒளித்துவைத்த கள்ளக் கதவு எஸ்எஸ்ஹெச் வரை எட்டியிருந்தது. லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. நிலையான பதிப்புகளுக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. லேபுக்குப் புத்தம்புதுப் பதிப்பைப் போடாமல் நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும் எல்டிஎஸ் பதிப்பிலேயே இருப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

எல்லாம் ஒரே பெட்டியில் என்பதால் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் பாதுகாப்புதான். ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் 2024 டிசம்பர் முதல் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. தரைத்தளத்தில், தரையிலேயே வைத்த செர்வர் அந்த மழையில் எந்த ஃபயர்வாலாலும் பிழைத்திருக்காது. மாடிக்கு ஏற்றுங்கள், அறையைப் பூட்டுங்கள், வாரம் ஒரு பேக்கப்பை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கடைசியாக, பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம். செர்வரில் அப்டேட் போட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. இமேஜைத் திரும்ப உருவாக்காவிட்டால் முப்பது பெட்டிகளும் மறுநாள் காலை அதே பழைய ஓட்டைகளோடுதான் கிளம்பும், செர்வர் மட்டும் புதிதாக இருக்கும். லேபை அமைத்துத் தருகிறவரிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, மாதம் ஒரு முறை இமேஜ் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் “இமேஜா?” என்று கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.