இணையத்தில் இசைக்கு ஓர் இடம்

2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மைஸ்பேஸ் என்னும் இணையத்தளத்தில் நிகழ்ந்த பேரிழப்பு ஒன்று வெளியுலகுக்குத் தெரியவந்தது. வழங்கிக் கணினிகளை இடம்மாற்றும் பணியின்போது, 2015க்கு முன்னர் அத்தளத்தில் ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் மீட்க இயலாதவாறு அழிந்துவிட்டன. 1 கோடியே 40 இலட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் அவ்வாறு மறைந்தன என மதிப்பிடப்பட்டது. 2003இல் தொடங்கப்பட்ட அத்தளம் ஒருகாலத்தில் இளம் இசைக்குழுக்கள் பலவற்றின் அறிமுக மேடையாக விளங்கியது. வீட்டில் வேறு படி வைத்திராதவர்க்கு அப்பாடல் என்றைக்கும் இல்லாமற் போயிற்று. ஓர் ஆய்வுக்குழுவினர் 2008 முதல் 2010 வரை தம் ஆய்வுக்காகத் திரட்டி வைத்திருந்த 4,90,000 பாடல்கள் மட்டும் பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக்காப்பகத்தின் வழியே கிடைத்தன. அழிந்தவற்றுள் அவை நூற்றில் ஒரு பங்கே.

ஒரு பாடலைப் பிறர் கேட்கச் செய்வதும், அதனைக் காத்து வைப்பதும் இருவேறு பணிகள். இணைய நிறுவனங்கள் முதற்பணியைச் செவ்வனே செய்கின்றன, இரண்டாவது நம்முடையது. தாமே பாடியும் இசைத்தும் பதிவு செய்த பாடல்களை இணையத்தில் பகிர விரும்பும் மாணவர், தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

மூலக்கோப்பும் சுருக்கிய கோப்பும்

குறுந்தகட்டின் தரத்தில் ஒலியைப் பதிவு செய்யும்போது நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் அளவு குறிக்கப்படுகிறது. இரண்டு தடங்களில் இவ்வாறு பதிந்த வேவ் வகைக் கோப்பு, நிமிடத்திற்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். அதே இசையை 128 கிலோபிட் அளவிலான எம்பி3 கோப்பாகச் சுருக்கினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டு போதும். இவ்வளவு சுருக்கம் எங்ஙனம் இயல்கிறது? மனிதச் செவி எளிதில் உணராத ஒலிக்கூறுகளை அம்முறை நீக்கிவிடுகிறது. நீக்கியவற்றை மீண்டும் பெற இயலாது. குரலிசையில் இக்குறை அவ்வளவாகத் தோன்றாது. ஜால்ராவின் கணீரென்ற ஒலியிலும், பறையில் குச்சி விழும் கணத்தின் கூர்மையிலும் தோன்றும். சுருக்கியதையே மறுபடியும் சுருக்கினால் குறை மேலும் பெருகும்.

பிளாக் என்னும் வகை இவற்றிலிருந்து மாறுபட்டது. அது கோப்பின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தும், ஒலியில் எதனையும் இழப்பதில்லை. எனவே, நீங்கள் ஏற்றும் கோப்பைத் தளம் அப்படியே வைத்துக்கொள்கிறதா, சுருக்கிவிட்டு வழங்குகிறதா என்பது முதலில் கேட்க வேண்டிய வினா. பாடலை ஓடவிட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலான தளங்கள் சுருக்கிய வடிவத்தையே தருகின்றன. பேண்ட்கேம்ப் தளமோ இழப்பற்ற கோப்பைப் பெற்றுக்கொண்டு, கேட்பவர் விரும்பும் வடிவத்தில் பதிவிறக்கித் தருகிறது.

தளங்களின் இயல்பு

பேண்ட்கேம்ப் 2008இல் தொடங்கப்பட்டது. பாடலின் விலையைக் கலைஞரே குறிக்கலாம். இணையவழி விற்பனையில் 15 விழுக்காட்டைத் தளம் தன் பங்காகக் கொள்ளும். கலைஞரின்பால் பரிவுள்ள தளம் எனப் பெயர் பெற்ற அது, 2022இல் ஒரு நிறுவனத்திற்கும் 2023இல் வேறொரு நிறுவனத்திற்கும் கைமாறியது. அவ்வமயம் அதன் ஊழியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பணியிழந்தனர். பெர்லின் நகரிலிருந்து இயங்கும் சவுண்ட்கிளவுட், 2017இல் தன் ஊழியருள் 173 பேரை ஒரே நாளில் நீக்கியது. அந்நாளில் உலகெங்கும் கலைஞர்கள் தம் பாடல்கள் என்னாகுமோ எனக் கலங்கினர். தளம் பிழைத்துக்கொண்டது. ஆயினும், நல்ல தளம் என்பது நிலைத்த தளம் என்று பொருள்படாது.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் தனிக்கலைஞர் நேரடியாகப் பாடலை ஏற்ற இயலாது. இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். அவற்றுட் சில ஆண்டுக்கட்டணம் பெறுவன. கட்டணம் நின்றால் பாடலும் நீங்கக்கூடும். மேலும், ஓராண்டில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பணம் வழங்குவதில்லை. தொடக்கநிலைக் கலைஞருக்கு இவ்வழி இப்போது வேண்டுவதன்று. பத்து நண்பர்களுக்குப் பாடலை அனுப்புவது மட்டுமே நோக்கமெனின், கூகுள் டிரைவின் 15 கிகாபைட்டு இலவச இடமே போதும்.

1996இல் நிறுவப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் இலாபநோக்கற்றது. ஏற்றுவோரிடமும் கேட்போரிடமும் அது கட்டணம் பெறுவதில்லை. அதன் பக்கங்களில் பொலிவு குறைவு. பாடலைப் பரப்பும் ஆற்றலும் குறைவு. ஒரு சிற்றூரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்து பொதுவில் வைக்க விழைவோர்க்கு அதுவே ஏற்றது எனலாம். ஆயின் பாடியவரின் இசைவைப் பெற்ற பின்னரே ஏற்றுதல் முறை.

எது நம்முடையது?

தளங்கள் யாவும் ‘உங்கள் சொந்தப் படைப்பு’ எனக் கேட்கின்றன. ஒரு பாடற்பதிவில் சொல், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன. இதனைப் பதிப்புரிமை என்றல் தகும். பலரும் ஆளும் காப்புரிமை என்னும் சொல் புதுக்கண்டுபிடிப்புகளுக்கு உரியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொல்லின் உரிமையும் மெட்டின் உரிமையும் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நிலைக்கும். பாரதியாரின் பாடல்கள் நாட்டுடைமை, எவரும் பாடலாம். ஆனால், திரைப்படத்தில் அப்பாடலுக்கு ஓர் இசையமைப்பாளர் இட்ட மெட்டு நாட்டுடைமை ஆகிவிடவில்லை. அம்மெட்டில் பாடி யூடியூபில் ஏற்றினால், அதன் தானியங்கி ஒப்பீட்டு முறை மெட்டை இனங்கண்டு, உரிமையாளரின் கோரிக்கையைப் பதிவு செய்யக்கூடும். நீங்களே மெட்டமைத்துப் பாடினால் அவ்விடர் இல்லை. அம்மெட்டின் உரிமை உங்களுடையதாகும்.

உடன்படிக்கையில் ‘தனியுரிமம்’ என்ற சொல் உள்ளதா எனக் காண்க. பொதுவாகத் தளங்கள் பெறுவது தனியுரிமம் அல்லாத இசைவே. அதனால் அதே பாடலைப் பிற தளங்களிலும் வைக்கலாம். தனியுரிமம் அளித்துவிட்டால் அவ்வுரிமை போய்விடும். பதினெட்டு வயது நிரம்பாதோர் பெற்றோருடன் அமர்ந்து படித்த பின்னரே இசைவு தருதல் வேண்டும்.

தளத்தைத் தேர்ந்தபின் பாடல்கள் அனைத்தையும் ஒருங்கே ஏற்றிவிட வேண்டா. ஒரே ஒரு பாடலை ஏற்றுக. பிறிதொரு கணினியில் அதனைப் பதிவிறக்கி, மூலக்கோப்பின் அளவோடு ஒப்பிடுக. பின்னர் அதனை நீக்கிப் பார்க்க. நீக்கும் வழி எளிதிற் புலப்படாத தளமாயின் வேறு தளம் நாடுக. மூலக்கோப்புகள் வீட்டுக் கணினியில் ஒரு படியாகவும், தனியே எடுத்து வைக்கும் வன்தட்டில் மற்றொரு படியாகவும் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே பாடல், பாடியவர், பதிவு செய்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க.