கலைடொஸ்கோப் போர்வைக்கு ஏற்ற சீத்தைத் துணி

கண்ணாடித் துண்டுகள் பொருத்திய குழாய்க்குள் உடைந்த காப்புத் துண்டுகளை இட்டு, சுழற்றிப் பார்க்கும் விளையாட்டுக் கருவியை நாம் அறிவோம். அதுவே கலைடொஸ்கோப். ஸ்கொத்லாந்து விஞ்ஞானி டேவிட் புறூஸ்ரர் 1816ஆம் ஆண்டு இதனைக் கண்டுபிடித்தார். இக்கருவி காட்டும் கோலங்களைத் துணியிலே கொண்டுவரும் ஒட்டுப் போர்வைகள் அமெரிக்காவில் பெரிதும் தைக்கப்படுகின்றன. நியூயோர்க்கைச் சேர்ந்த போலா நேடல்ஸ்ரேன் என்ற பெண்மணி இக்கலையில் பெயர்பெற்றவர்.

இதனை இலகுவாகத் தைக்கும் முறையும் உண்டு. சீத்தைத் துணியை ஆறு அடுக்காக, பூவின்மேல் அதே பூ பொருந்துமாறு வைத்துக் குண்டூசி குத்தவேண்டும். பின்னர் சமபக்க முக்கோணியாக வெட்டினால் ஒரேமாதிரியான ஆறு துண்டுகள் கிடைக்கும். அவற்றின் ஒரே முனையை நடுவிலே சேர்த்துத் தைத்தால் ஓர் அறுகோணி உருவாகும். துணியில் இல்லாத புதியதொரு பூ அதிலே தோன்றும்.

ஒரே இடம் ஆறு முறை தேவைப்படுவதால், முதல் வெட்டுக்கு முன்னரே சில மீற்றர் துணி கையில் இருக்கவேண்டும். வெட்டிய துணியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். ஆகவே காசு கொடுக்குமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. வடிவம் திரும்ப வரும் தூரம்

துணியின் கரையோரமாக ஒரு பூவைத் தெரிவு செய்யுங்கள். கரை வழியே சென்று, அதே பூ, அதே இலை, அதே மொட்டுடன் மீண்டும் வரும் இடம்வரை அளவுங்கள். பூ ஒன்றாயிருந்தாலும் பக்கத்து இலை வேறாயின் அது மறுபடியும் வந்ததாகக் கொள்ளக்கூடாது.

ஆலைகளின் உருளை அச்சு இயந்திரங்களில் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்ரிமீற்றர். எனவே பல துணிகளில் இத்தூரம் 64 அல்லது 32 சென்ரிமீற்றராக இருக்கும். 64 எனின் ஆறு அடுக்குக்கு 3.84 மீற்றர் வேண்டும்; 4 மீற்றர் வாங்கலாம். 32 எனின் 2 மீற்றர் போதும். ஆனால் கிடைக்கும் அறுகோணிகளும் ஏறத்தாழப் பாதியே. 8 அல்லது 10 சென்ரிமீற்றருக்குள் திரும்ப வரும் துணியில் எல்லா அறுகோணிகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதைத் தவிர்க்கவும்.

2. பூவும் நிறமும்

பெரிய பூக்கள், வளைந்த கொடிகள், கடும் நிறமும் இளநிறமும் கலந்தவை சிறந்தவை. வெறும் தரை அதிகமுள்ள துணியில் பல முக்கோணிகள் வெறுமையாகவே அமையும். நெருக்கமான சிறு பூக்கள் சட்டைக்கு அழகு, இதற்கு உதவா. கடையில் விரித்துப் பார்க்கையில் கண்ணைப் பறிக்கும் துணி வெட்டிய பின் சோபிக்காமலும் போகலாம்.

இதைச் சோதிக்க, பக்கம் 10 சென்ரிமீற்றர் கொண்ட சமபக்க முக்கோணி ஒன்றை மட்டையில் வெட்டி எடுங்கள். துளையுள்ள மட்டையைத் துணிமீது நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் வேறுவேறு காட்சி தெரிந்தால் அத்துணி ஏற்றது. முகம் பார்க்கும் சிறிய கண்ணாடிகள் இரண்டை அம்முக்கோணியின் இரு பக்கங்களில் நிறுத்தினால் கோலமும் தெரியும். கண்ணாடி துண்டுகளை மாறிமாறி எதிர்ப்புறமாகக் காட்டும். தைத்ததில் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழலும். இவ்வேறுபாட்டை மனதிற் கொள்க.

3. துணியின் தன்மை

முழுப் பருத்தித் துணியே நல்லது. வழுக்கும் துணியில் அடுக்குகள் நழுவும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் பிடித்தால் வாங்கவேண்டாம். வாங்கியதை முழுவதாகத் தோய்த்து, காயவைத்து, மினுக்கிய பின்னரே வெட்டவும்.

எமது நாட்டுப் பற்றிக் துணி அழகானதே. ஆயினும் மெழுகு கையால் இடப்படுவதால் ஒரு பூவைப்போல மறுபூ அச்சொட்டாக அமையாது. அதனைப் போர்வையின் ஓரத்துக்குப் பயன்படுத்தலாம். தையற்கடை வெட்டுத்துண்டுகளும் சாதாரண ஒட்டுப் போர்வைக்கே பொருந்தும்.

காசு செலவழிக்குமுன் பழகிப் பார்க்க வீட்டிலுள்ள பழைய கொட்டன் சீத்தைச் சேலையே போதும். நைந்த பகுதியை நீக்கி, ஒரே வடிவம் ஆறு இடங்களில் வருகிறதா எனத் தேடுங்கள். அகப்பட்டால் ஓர் அறுகோணி தைத்துத் தலையணை உறையில் பொருத்துங்கள். கை பழகிய பின் கடைக்குச் செல்லலாம்; அளவுநாடாவையும் மட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.