அச்சமும் கவலையும்: வேறுபாடும் தணிக்கும் நெறியும்

அச்சம், கவலை என்னும் இரு சொற்களையும் இந்நாளில் ஒரு பொருளனவாகவே பலரும் வழங்குகின்றனர். அதனால் விளையும் தீங்கு சொல்லளவில் நில்லாது. காரணமின்றி நெஞ்சம் துடித்து உறக்கம் இழந்து வருந்தும் ஒருவனை நோக்கி, ‘அஞ்சாதே, துணிந்து நில்’ என்று உற்றார் கூறுகின்றனர். அவன் கோழையல்லன், ஆதலின் அவ்வுரை அவனுக்கு மருந்தாவதில்லை. தன்னைத் தானே இகழ்ந்துகொள்ளும் மற்றொரு நோயையே அது சேர்க்கின்றது. 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 30 கோடி மக்கள் பதற்ற நோய்களால் வருந்தினர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்நோயை அறிதற்கும் தணித்தற்கும் பழந்தமிழ் நூல்கள் தரும் விளக்கம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன; இன்னது என்று சுட்டிக் கூறத்தக்கன. எனவே, அச்சம் பொருள் பற்றி வருவது என்பது பெறப்படும்.

எண்வகை மெய்ப்பாடுகளுக்குப் பின்னர் அவர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் நினைதல், வெரூஉதல், உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், ஐயம், நடுக்கு என்பனவும் உள்ளன. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், இக்கால மருத்துவர் பதற்ற நோயின் குறிகளாகக் கூறுவனவற்றுட் பல அடங்கியிருத்தல் புலனாகும். தொல்காப்பியர் நோய்நூல் எழுதினார் என்பது நம் கருத்தன்று. அவர் வகுத்தது செய்யுளுக்கு உரிய மெய்ப்பாடு. ஆயினும், புறப்பொருள் ஒன்றைச் சுட்டாமலும் உடலும் உள்ளமும் இங்ஙனம் நடுங்கும் என்பதை அவர் கண்டிருந்தார் எனலாம்.

இனி, கவலை என்னும் சொல்லை நோக்குவோம். சங்க நூல்களில் இச்சொல் கவர்த்த வழியையும் உணர்த்தும். மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகையில் காட்டிடத்துக் கவலைகளையும் குறிக்கின்றது. சொற்பிறப்பு ஒற்றுமையை இதனால் நிறுவ முற்படவில்லை. பொருட்பொருத்தமே இங்குக் கொள்ளத்தக்கது. எதிரே புலி நிற்பின் எழுவது அச்சம். இரு வழிகளின் முன் நின்று, எவ்வழியிற் புலி இருக்குமோ என்று ஓயாது எண்ணுவது கவலை. இக்கால உளநூலாரும், கண்முன் உள்ள இடரால் எழுவதனை அச்சம் என்றும், வரக்கூடும் என எதிர்நோக்கும் இடரால் எழுவதனைப் பதற்றம் என்றும் பிரித்துரைப்பர். அச்சத்திற்கு வேண்டுவது துணிவு எனின், கவலைக்கு வேண்டுவது தெளிவு. இவ்வேறுபாட்டை மறந்தமையே மேற்கூறிய அறிவுரை பயன்படாமைக்குக் காரணம்.

நோயின் காரணம் அறியாது செய்யும் மருத்துவம் எத்தகையது என்பதை வெறியாட்டுப் பாடல்கள் நன்கு காட்டுகின்றன. தலைவி மெலிகின்றாள். தாய் அதனை முருகனால் வந்த அணங்கு எனக் கருதி வேலனை அழைக்கின்றாள். நற்றிணை 34ஆம் பாட்டில், தன்னால் வாராத நோய்க்கு வெறிக்களம் புகுந்த முருகனையே தோழி இகழ்கின்றாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், செவிலியின் வருத்தம் கண்ட தோழி உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கின்றாள். தாயின் அன்பிற் குறையில்லை. குறை காரணத்தை ஆராயாமையில் உள்ளது. தலைவி தானே கூறமாட்டாததை அவளுக்காகக் கூறவல்ல தோழியே ஈண்டு நோய் தீர்க்கும் வாயில் ஆகின்றாள்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் இதனையே நெறியாக வகுக்கின்றார். நோயும், அதன் காரணமும், தணிக்கும் வழியும் முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்கின்றார். இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவிறந்து சுரப்பினும் நடுக்கமும் வியர்வையும் நெஞ்சத் துடிப்பும் தோன்றும். அந்நிலையில் உள்ளத்தை மட்டும் ஆற்ற முயலுதல் வெறியாட்டு அயர்தலை ஒக்கும். ஆதலின் முதலில் மருத்துவரைக் காணுதல் இன்றியமையாதது.

மருத்துவத்திற்கு நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என நான்கு கூறுகள் உண்டு என்பதும் வள்ளுவர் கருத்து. முழுமை நோக்கிய மருத்துவம் என இன்று பேசப்படுவதன் வித்து இதன்கண் உளது. நோயுற்றவன் கூறு உணவும் உறக்கமும் உடற்பயிற்சியும் பேணுதல். தீர்ப்பவன் கூறு, நோயாளியின் எண்ணங்களை அவனோடு அமர்ந்து ஆராய்ந்து, மெய்யான இடரையும் கற்பித்துக்கொண்ட இடரையும் பிரித்தறியச் செய்தல். அஞ்சி விலகும் இடங்களைச் சிறிது சிறிதாக அணுகப் பழக்குதல். மருந்து வேண்டுவோர்க்கு மருந்தும் உண்டு. ஆயின் மருத்துவரைக் கேளாது அதனைத் திடுமென நிறுத்துதல் கூடாது. துணைசெய்பவன் கூறே பெரிதும் மறக்கப்படுகின்றது. குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவியை நோயினும் மிகுதியாக வருத்துவது, அந்நோய் அறியாது உறங்கும் ஊரே அன்றோ!

மூச்சுப் பயிற்சி பற்றியும் ஒன்று கூறுதல் தகும். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுத்தற்கு 16, நிறுத்தற்கு 64, வெளிவிடுதற்கு 32 என மாத்திரை அளவு கூறுகின்றார். வெளிவிடும் அளவு உள்ளிழுக்கும் அளவின் இருமடங்கு ஆதல் கருதத்தக்கது. மூச்சை மெல்ல, நீள வெளிவிடுங்கால் நெஞ்சத் துடிப்புத் தணியும் என்பது உடலியலாரும் உடன்படும் உண்மை. எனினும் நெடிது நிறுத்தும் பயிற்சியை ஆசிரியர் துணையின்றி மேற்கொள்ளல் ஆகாது. மெல்ல வெளிவிடும் அளவே தொடங்குவோர்க்குப் போதும்.

மலைபடுகடாம் கூறும் வழிப்போக்கர்க்கு ஓர் அறிவுரை உண்டு. வழிகள் கூடும் இடத்தைத் துடைத்து, பின்வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து இட்டுச் செல்லல் வேண்டும் என்பது அது. கவலையுற்றார்க்கு உற்றார் செய்யத்தக்க உதவியும் இத்தன்மையதே. அவர்க்காக நாம் நடத்தல் இயலாது. வழி இது என்னும் அடையாளத்தை இட்டு வைத்தல் இயலும். முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் உரையாசிரியர்தம் விளக்கங்களோடு இந்நோக்கில் தனித்தனியே ஆராய்தல், தமிழ் பயில்வோர் மருத்துவர்க்குச் செய்யக்கூடிய நற்றொண்டாகும்.