ஓடும் டிஸ்க்கை உலுக்காதீர்கள்

2016 செப்டம்பர். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தண்ணீர் பட்டால் கணினிகள் பாழாகும் என்பதால் இத்தகைய இடங்களில் மந்த வாயுவைப் பீய்ச்சித் தீயை அணைப்பது வழக்கம். அன்று வாயு சீறிக்கொண்டு வெளியேறிய சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. தீயும் இல்லை, புகையும் இல்லை. யாரும் எந்தக் கருவியையும் தொடக்கூட இல்லை. அந்த ஓசையின் அதிர்வே ஹார்ட் டிஸ்க்குகளைப் பழுதாக்கிவிட்டது. ஏ.டி.எம்., கார்டு, இணையச் சேவை எல்லாம் சுமார் 10 மணி நேரம் முடங்கின. 2018 ஏப்ரலில் ஸ்வீடனிலும் இப்படியே நடந்து, நார்டிக் பங்குச் சந்தைகளில் வர்த்தகம் தொடங்கத் தாமதமானது.

சத்தத்துக்கே இப்படி என்றால், கைதவறினால் என்னவாகும்?

மேசைக் கணினியில் இருக்கும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் வழக்கமாக நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதற்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் ‘ஹெட்’ மிதக்கிறது. ஒரு தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது. ஹெட் தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்படும். அங்கே பதிந்திருந்த கல்யாணப் படமோ கணக்குப் புத்தகமோ தூளாகிவிடும். டிஸ்க் நிற்கும்போது ஹெட் தட்டைவிட்டு விலகி ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. அதனால் நின்றிருக்கும் டிஸ்க் அதிக அதிர்ச்சியைத் தாங்கும். நிறுவனங்கள் தரும் அளவுகளிலேயே இது தெரியும்: பல மேசைக் கணினி டிஸ்க்குகள் ஓடும்போது தாங்கும் அதிர்ச்சி 70 ‘ஜி’ (புவியீர்ப்பு முடுக்கத்தின் 70 மடங்கு) அளவு, நின்றிருந்தால் 300 ‘ஜி’ வரை. அரையடி உயரத்திலிருந்து கிரானைட் மேசையில் விழுந்தாலே 70-ஐ எளிதில் எட்டிவிடும்.

படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் சரியே, பக்கவாட்டில் பொருத்தினாலும் கெடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்புவதுதான் தவறு. சுழலும் பம்பரம் தன் அச்சைச் சாய்க்க விடாமல் முரண்டுபிடிப்பதுபோல் தட்டும் எதிர்க்கும். அந்த இழுபறி பேரிங்கின் தலையில் விழும். வெளியே வைக்கும் டிஸ்க்கை மட்டும் படுக்கவைப்பதே என் கட்சி. குறுகிய விளிம்பில் நிற்கும் பெட்டியைச் சாய்க்க ஒரு கேபிள் இடறினால் போதும். கணினியில் ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்தபின் உடனே பிடுங்கிப் பையில் போடாதீர்கள். உள்ளே கேட்கும் முனகல் அடங்கட்டும். அரை நிமிடம் போதும்.

ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் காந்தம் அழித்துவிடும் என்று நம் ஊரில் பயப்படுவார்கள். டிஸ்க்குக்கு உள்ளேயே அதைவிட வலுவான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன! ஸ்பீக்கரின் அதிர்வுதான் தொல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் 2008-இல் டிஸ்க்குகளின் முன்நின்று கத்தியதும் அவற்றின் வேகம் சரிந்ததை வரைபடத்தோடு வீடியோவாகக் காட்டினார். கடைகளில் சி.சி.டி.வி. பெட்டியின் தலையிலேயே பாட்டுப் பெட்டியை ஏற்றிவைப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

வெப்பத்தைப் பற்றிய பயமும் கொஞ்சம் அதிகப்படிதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு நினைத்த அளவு வலுவானதல்ல என்றது. பழைய டிஸ்க்குகளில், மிக அதிகச் சூட்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் 60 டிகிரி செல்சியஸ் என்ற வழக்கமான உச்சவரம்பை மீறக் கூடாது. மூடியில் சிறு துளை தெரிந்தால் அது காற்றழுத்தத்தைச் சமன்செய்ய. ஸ்டிக்கர் ஒட்டி அடைக்காதீர்கள். 2013 முதல் விற்பனைக்கு வந்த ஹீலியம் டிஸ்க்குகளில் அந்தத் துளையே கிடையாது.

நினைவகச் சில்லுகளில் பதியும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை, இந்தப் பாடும் இல்லை. ஆனால் பல டெராபைட் சேமிக்க வேண்டியவர்களுக்கு விலை கட்டுப்படியாகாது. திருமண ஸ்டூடியோக்களின் அலமாரியில் இன்னும் ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருப்பது அதனால்தான்.

கூரியரில் அனுப்புவதானால் நிலைமின்னைத் தடுக்கும் உறையில் போட்டு, எல்லாப் பக்கமும் தடித்த ஃபோம் வைத்துக் கட்டுங்கள். கசக்கிய செய்தித்தாள் போதாது. ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் வந்துவிட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு தரம் போட்டுப் பார்ப்போமே என்று முயலும் ஒவ்வொரு முறையும் கீறல் பெரிதாகலாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற வைத்தியம் இன்னும் உலவுகிறது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் அதில் நீர் பூத்து, மீட்க முடிந்திருக்கக்கூடிய தரவும் போய்விடும்.